திருவனந்தபுரத்தில் பாக்டீரியா ஆய்வகத்தில் சேரப் போகிறவர்களுக்கு: காகிதம், பணம், நேரம், முதல் சோதனை

நாகர்கோவில், மார்த்தாண்டம், தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் எம்எஸ்சி மைக்ரோபயாலஜியோ பயோடெக்னாலஜியோ படித்துவிட்டு, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் ஆய்வகம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், பாக்டீரியா நம் செல்லுக்குள் புகுந்து அந்தச் செல்லையே தனக்கு வேலை செய்ய வைப்பது எப்படி என்று பார்க்கிற ஆய்வகங்களில் சேர நினைப்பவர்களுக்கு. நான் சேர்ந்தபோது இதை வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு அலுவலக ஜன்னல் முன்னால் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதனை என்பது ஒன்றரை நாள் வேலை. அதைத் தொடுவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவைதான் மாதக்கணக்கில் இழுக்கும். எது மெதுவாக நடக்குமோ அதை முதலில் தொடங்குங்கள், கீழே சோதனையைப் பின்னால் வைத்திருப்பதும் அதனால்தான்.

1. எந்த வழியாக உள்ளே போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

வழிகள் மூன்று. எம்எஸ்சி கடைசி செமஸ்டர் புராஜெக்ட், ஆய்வுத் திட்டத்தில் தற்காலிக வேலை, பிஎச்டி. மூன்றுக்கும் காகிதமும் வேறு, பணம் போகும் திசையும் வேறு. செமஸ்டர் புராஜெக்ட் என்றால் பெரும்பாலும் நீங்கள்தான் ஆய்வகத்துக்குப் பயிற்சிக் கட்டணம் கட்ட வேண்டும். தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் கைடு சம்மதம் சொன்ன அன்றே அதையும் கேட்டுவிடுங்கள், கேட்பதில் தவறே இல்லை. திட்ட வேலையும் பிஎச்டியும் என்றால் உங்களுக்குப் பணம் வரும். சிஎஸ்ஐஆர் நெட் மாதிரியான தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

தைக்காட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தைத்தான் நம் பிள்ளைகள் முதலில் நினைப்பார்கள், தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம். விதுரா மலையடிவாரத்தில் இருக்கும் ஐசரும் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம்) உண்டு, ஆனால் நெடுமங்காடு வழியாக பஸ்ஸில் நெடுநேரம் போக வேண்டும், அங்கே சேர்ந்தால் அங்கேயே தங்குவதுதான் சரி. வேலூர், திருத்தணி, சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 2015-இல் தொடங்கிய திருப்பதி ஐசர் கிட்ட. கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அங்கேயும் பொருந்தும்.

கைடுக்கு மெயில் எழுதும்போது "உங்கள் ஆய்வில் ஆர்வமாக இருக்கிறேன்" என்று பொதுவாக எழுதி ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். அவர்களுடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எந்தப் படம் உங்களுக்குப் புரியவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். பதில் வரும் வாய்ப்பு கூடும். டிசம்பரில் தொடங்கும் புராஜெக்டுக்கு ஜூலை, ஆகஸ்டிலேயே எழுத ஆரம்பிக்க வேண்டும். ஓணத்தை ஒட்டிய வாரத்தில் அனுப்பினால் அடியில் போய்விடும். கோடைக்கு இரண்டு மாதம் மட்டும் போதும் என்றால், மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டத்துக்கு முந்தைய ஆண்டின் கடைசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

2. காகிதங்கள்

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது பெயரில்தான். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியலோடு பெயர் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். நமக்கு மூன்றும் ஒன்றுதான். கேரளத்தில் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவருக்கும் உதவித்தொகையை அனுப்பும் கணினிக்கும் மூன்றும் மூன்று ஆட்கள். சேர்வதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழை மாற்ற முடியாது என்பதால், இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, அதில் நான்கைந்து பிரதி எடுத்து வையுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் வாங்கிய பிசி, எம்பிசி நிரந்தர அட்டை மத்திய அரசு நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்ற வாசகத்தோடு ஓபிசி சான்றிதழ் வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அதன் பிறகு இ-சேவை மையத்துக்குப் போங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும். நேர்காணலுக்கு முந்தைய வாரம் ஓடினால் கிடைக்காது.

பிஎச்டிக்குக் கேரளப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால், வெளிமாநிலப் பட்டத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து இடப்பெயர்வுச் சான்றிதழ், மொத்த மதிப்பெண் பட்டியல், சில நேரம் பாடத்திட்டத்தின் நகல்கூட. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் பிள்ளைகள் திருநெல்வேலிக்கு நேரில் போய், எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. புராஜெக்டுக்கு மட்டும் என்றால் கல்லூரியின் போனஃபைடும் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் போதும். கடிதத்தில் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள், தேதி இல்லாத கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

3. தடுப்பூசியும் உயிர்ப்பாதுகாப்பு அனுமதியும்

எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவது இதைத்தான், எல்லாவற்றிலும் மெதுவாக நடப்பதும் இதுதான். மனித செல்களைக் கையாளும் ஆய்வகங்கள் பலவற்றில் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். அது மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஆய்வகம் என்று முடிவாகாவிட்டாலும் இன்றைக்கே முதல் ஊசியைப் போட்டுவிடலாம், வீணாகாது. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

டைபாய்டு தடுப்பூசி போட்டிருப்பதால் சால்மோனெல்லா பாக்டீரியாவைப் (டைபாய்டு தருவதும் இதில் ஒரு வகை) பற்றிக் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். ஆய்வகத்தில் அதிகம் கையாளுவது டைஃபிமூரியம் வகை, அது வேறு. அது டைபாய்டைத் தராது, ஆனால் வயிற்றைக் கெடுத்துப் படுக்க வைத்துவிடும். அந்தத் தடுப்பூசி இதைத் தடுக்காது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிடுகிறவர்களும், கர்ப்பமாக இருப்பவர்களும் கைடிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதில் கூச்சத்துக்கே இடமில்லை.

மரபணு மாற்றிய பாக்டீரியாவைத் தொட வேண்டுமென்றால் ஆய்வகத்தின் திட்டத்துக்கு நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வரும் விஷயம் இது. குழு நினைத்த நேரத்தில் கூடாது. நீங்கள் சேரும்போதே அனுமதி இருக்கிறதா, உங்கள் புராஜெக்டில் வரும் பாக்டீரியா அதில் அடங்குகிறதா என்று கேளுங்கள். ஆறு மாதப் புராஜெக்டில் மூன்று மாதம் அனுமதிக்காகக் காத்திருந்து, கடைசியில் தீசிஸுக்கு வேறு தலைப்பு எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

4. பணமும் படுக்கையும்

உதவித்தொகை சேர்ந்த மாதமே வராது. சேர்ந்த கடிதம், வங்கி விவரம், கணக்குப் பிரிவு என்று சுற்றி முதல் தொகை கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம், வந்தால் நிலுவையோடு சேர்ந்து வரும். அதுவரை வாடகை, முன்பணம், சாப்பாடு எல்லாம் உங்கள் கையிலிருந்துதான். மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வீட்டில் கேட்டு வாங்கினாலும் சரி, கல்லூரி நண்பரிடம் வாங்கினாலும் சரி, இதை மட்டும் குறைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

குழித்துறையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ ரயில் சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வருகிற ஆட்கள் நிறைய. அலுவலக வேலைக்கு அது சரிப்படும். தொற்றுச் சோதனை நடக்கும் நாளில் அது நடக்காது, காரணம் 6-ஆம் படியில் புரியும். குறைந்தது சோதனை வாரங்களுக்காவது ஊரில் ஒரு படுக்கை பார்த்து வையுங்கள். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் ஆங்கிலம் ஓடும், மெஸ்ஸிலும் பஸ்ஸிலும் நம் தமிழே பாதி ஓடும். சீனியர்களைச் சேச்சி, சேட்டா என்று கூப்பிட்டுப் பழகுங்கள், ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) அறையைப் பார்த்துக்கொள்ளும் சேட்டனையும் சேர்த்து. உங்கள் மீடியா (செல்லை வளர்க்கும் ஊட்டக் கரைசல்) நேரத்துக்குக் கிடைப்பது அவர் கையில் இருக்கிறது.

5. முதல் மாதம்: தொற்று வேண்டாம், செல்லை வளருங்கள்

சேர்ந்த வாரமே பாக்டீரியாவைத் தூக்காதீர்கள். ஹீலா செல்லை (ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு மனித செல் வகை) மூன்று நான்கு வாரம் நன்றாக வளர்த்துப் பழகுங்கள். அது கிட்டத்தட்ட ஒரு நாளில் இரட்டிக்கும், எனவே வெள்ளிக்கிழமை எவ்வளவு விட்டுப் போனால் திங்கட்கிழமை தட்டு நிரம்பி வழியாமல் இருக்கும் என்பது கைப்பழக்கத்தில்தான் வரும். எத்தனையாவது முறை பிரித்தீர்கள் என்பதை ஃபிளாஸ்க்கிலேயே எழுதுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கினால் இங்கே காற்றில் பூஞ்சை ஏறிவிடும். ஜூன், ஜூலையில் இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டை அடிக்கடி மாற்றுங்கள். ஃபிளாஸ்க்கின் ஓரத்தில் வெண்ணிறப் பஞ்சுபோல ஏதாவது தெரிந்தால் காப்பாற்ற முயலாமல் தூக்கிப்போடுங்கள், பக்கத்து ஃபிளாஸ்க் தப்பும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி மைக்கோபிளாஸ்மா. அதற்குச் செல்சுவர் கிடையாது, அதனால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. மீடியா கலங்காது, செல்லும் சாகாது, ஆனால் செல்லின் நடத்தையே மாறிவிடும். பாக்டீரியா செல்லை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கிற இடத்தில், ஏற்கெனவே வேறொரு பாக்டீரியா மாற்றிவிட்ட செல்லை வைத்துக்கொண்டு என்ன பார்ப்பது? மாதம் ஒரு முறை பிசிஆர் (அதன் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) செய்து பாருங்கள். புதிய செல் வேண்டுமென்றால் பக்கத்து ஆய்வகத்தில் கடன் வாங்குவதைவிடப் புனேயில் இருக்கும் தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வரவழைப்பது மேல். பாக்டீரியா என்றால் சண்டிகரில் இருக்கும் எம்டிசிசி என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகம். இரண்டுக்கும் படிவம், கைடு கையெழுத்து, பணம் அனுப்பியதற்கான ரசீது என்று வாரங்கள் ஓடும்.

இந்த மாதத்தில் படிக்கவும் செய்யுங்கள். சால்மோனெல்லா செல்லைத் தொட்டதும் ஊசி மாதிரியான ஒரு அமைப்பின் வழியாகத் தன் புரதங்களை நேரே செல்லுக்குள் செலுத்துகிறது. சோப்-இ, சோப்-இ2, சோப்-பி என்ற புரதங்கள் செல்லுக்குள் இருக்கும் ராக்1, சிடிசி42 என்ற சுவிட்சுகளைப் போட்டுவிடுகின்றன. உடனே செல்லின் உருவத்தைத் தாங்கும் ஆக்டின் இழைகள் திரண்டு செல்லின் மேல்பரப்பு சுருக்கம் சுருக்கமாக எழும்பி பாக்டீரியாவைச் சேர்த்து விழுங்கிவிடுகிறது. உள்ளே போனதும் எஸ்பிடிபி என்ற இன்னொரு புரதம் அதே சுவிட்சுகளை அணைக்கிறது. கதவைத் திறந்து வந்தவர் தானே சாத்திவிட்டு உட்கார்வது மாதிரி. பிறகு இரண்டாவது ஊசி அமைப்பு வேலைக்கு வரும், அது பாக்டீரியா தங்கியிருக்கும் பையைச் செல் அழிக்காமல் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டு கட்டத்தையும் மனத்தில் வைத்தால்தான் கீழே வரும் நேரக்கணக்கு புரியும்.

6. முதல் தொற்றுச் சோதனை: நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

எல்லா ஆய்வகத்திலும் முதலில் தருவது ஜென்டமைசின் சோதனைதான். ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் நம் செல்லுக்குள் எளிதில் நுழையாது. அதனால் வெளியே இருக்கும் பாக்டீரியாவெல்லாம் செத்துவிடும், உள்ளே புகுந்தது மட்டும் பிழைக்கும். பிறகு செல்லை உடைத்துப் பிளேட்டில் போட்டு எண்ணினால் எத்தனை உள்ளே போனது என்று தெரியும். இவ்வளவுதான் தத்துவம்.

அறுவடை (செல்லை உடைத்து எண்ண எடுப்பது) இரண்டு முறை: தொற்றியதிலிருந்து இரண்டாவது மணி நேரத்தில் ஒன்று, பதினாறாவது மணி நேரத்தில் ஒன்று. காலை 9 மணிக்குத் தொற்றினால் பதினாறாவது மணி நள்ளிரவு 1 மணிக்கு வரும். மாலை 5 மணிக்குத் தொற்றுங்கள், மறுநாள் காலை 9 மணிக்கு வந்துவிடும். அப்படியென்றால் முந்தைய நாள் மாலையே 24 குழித் தட்டில் செல்லைப் போட வேண்டும், ஆன்டிபயாட்டிக் இல்லாத மீடியாவில். பழக்கத்தில் பென்-ஸ்ட்ரெப் கலந்த மீடியாவையே ஊற்றிவிடுவது புதியவர்கள் எல்லோருக்கும் நடப்பது, பாட்டிலை வேறு தட்டில் வையுங்கள். அன்றிரவே பாக்டீரியாவை வளர்க்கப் போடுங்கள். மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்கு அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புது எல்பியில் (பாக்டீரியாவுக்கான ஊட்டக் கரைசல்) 33-இல் ஒரு பங்காக விட்டு மூன்று, மூன்றரை மணி நேரம் வளர்த்தால், உள்ளே புக உதவும் புரதங்கள் உச்சத்தில் இருக்கும் நிலையில் கையில் கிடைக்கும். இரவு முழுக்க வளர்ந்ததை அப்படியே ஹீலாவில் விட்டால் புகுவது வெகுவாகக் குறைந்துவிடும்.

கணக்கு இப்படி. ஒரு குழியில் 1 லட்சம் செல் இருக்கிறது, செல்லுக்கு 50 பாக்டீரியா வேண்டும், ஆக 50 லட்சம். ஓடி (பாக்டீரியாக் கரைசல் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்ற அளவு) 1 என்றால் தோராயமாக மில்லிக்கு 100 கோடி. அதை நூறு மடங்கு கரைத்தால் மில்லிக்கு 1 கோடி, அதில் அரை மில்லி ஒரு குழிக்கு. ஓடி என்பது மதிப்பீடுதான், அதனால் விட்ட கரைசலையும் ஒரு பிளேட்டில் போட்டு உண்மையான எண்ணிக்கையை எடுங்கள். இதைச் செய்யாமல் எழுதிய சதவீதத்துக்கு ஆய்வகக் கூட்டத்தில் மதிப்பு இருக்காது.

5 மணிக்கு விட்டீர்கள். 5.30-க்கு உறிஞ்சி எடுத்து, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் மூன்று முறை கழுவி, மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஜென்டமைசின் உள்ள மீடியா. கழுவும்போது குழியின் ஓரச் சுவரில் மெல்ல விடுங்கள், நடுவில் அடித்தால் செல் பெயர்ந்து வந்துவிடும். 6.30-க்கு ஜென்டமைசினை 10-லிருந்து 20 மைக்ரோகிராமுக்குக் குறையுங்கள். இரவு முழுக்க அதிக அளவில் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லுக்குள்ளும் போய் உள்ளே இருப்பதையும் கொல்லத் தொடங்கும். 7 மணிக்கு முதல் அறுவடை: கழுவி, 0.1 சதவீத டிரைட்டான் (செல்லை உடைக்கும் சோப்பு மாதிரியான பொருள்) 1 மில்லி விட்டு, பிப்பெட்டால் ஏற்றி இறக்கி உடைத்து, பத்துப் பத்தாகக் கரைத்துப் பிளேட்டில் போடுங்கள். முடிக்க எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ரயிலில் போய்வர முடியாது என்று சொன்னது இதற்காகத்தான்.

7. எண்ணும்போதும் ஒப்பிடும்போதும்

30-க்கும் 300-க்கும் இடையில் காலனி (ஒரு பாக்டீரியா பெருகி உண்டாகும் புள்ளி) இருக்கும் பிளேட்டை மட்டும் எண்ணுங்கள். நூறு மடங்கு கரைசலில் 100 மைக்ரோலிட்டர் போட்டு 250 காலனி வந்தால், 250 பெருக்கல் 10 பெருக்கல் 100, ஒரு குழிக்கு இரண்டரை லட்சம். விட்டது 50 லட்சம், ஆக 5 சதவீதம் உள்ளே போயிருக்கிறது. பதினாறாவது மணி எண்ணிக்கையை இரண்டாவது மணி எண்ணிக்கையால் வகுத்தால் உள்ளே எத்தனை மடங்கு பெருகியது என்று வரும்.

கட்டுப்பாட்டுக் குழிகள் இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். முதல் ஊசி அமைப்புக்குத் தேவையான இன்வ்-ஏ மரபணு இல்லாத பாக்டீரியா உள்ளே புகக் கூடாது. செல்லே இல்லாத குழியில் பாக்டீரியாவையும் ஜென்டமைசினையும் விட்டால் காலனி வரக் கூடாது, வந்தால் உங்கள் ஜென்டமைசின் பழசாகிவிட்டது. கடைசியாகக் கழுவிய தண்ணீரிலும் ஒரு சொட்டு பிளேட்டில் வையுங்கள்.

உங்கள் சதவீதம் ஏதோ ஒரு கட்டுரையில் இருப்பதோடு பொருந்தவில்லை என்று மனம் உடைய வேண்டாம், முதலில் எந்த ஸ்ட்ரெயின் (அதே பாக்டீரியாவின் எந்த வம்சம்) என்று பாருங்கள். எஸ்எல்1344-இல் சோப்-இ உண்டு, 14028-இல் கிடையாது. அதேபோல ஹீலாவுக்குப் பழகிய முறையை அப்படியே மேக்ரோஃபேஜுக்கு (கிருமிகளை விழுங்கும் பாதுகாப்புச் செல்) கொண்டுபோகாதீர்கள். புகுவதற்குத் தயாராக இருக்கும் பாக்டீரியாவின் ஊசிப் புரதத்தையும் ஃபிளாஜெல்லினையும் (நீந்தும் வாலின் புரதம்) மேக்ரோஃபேஜ் மோப்பம் பிடித்துத் தன்னைத்தானே வெடித்துக்கொள்ளும். எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அங்கேதான் இரவு முழுக்க வளர்ந்த பாக்டீரியா வேண்டும்.

8. ஹூட், கழிவு, கைபேசி

நம் கல்லூரிகளில் இருக்கும் லேமினார் ஃப்ளோ பெரும்பாலும் காற்றை உங்கள் முகத்தை நோக்கி வீசுவது. அதில் மீடியா ஊற்றலாம், நோய்க்கிருமியைத் திறக்கக் கூடாது. தொற்று வேலை இரண்டாம் வகுப்பு உயிர்ப்பாதுகாப்பு ஹூட்டில் மட்டும். தொற்றிய தட்டு சுத்தமான செல் இன்குபேட்டருக்குள் போகவே கூடாது, அதற்கு வேறு இன்குபேட்டர் இருக்கும். கையுறையோடு கைபேசியைத் தொடாதீர்கள், நேரம் பார்க்கச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டச் சொல்லுங்கள்.

உறிஞ்சிய திரவத்தை ஹைப்போவில் (குளோரின் கலந்த ப்ளீச் கரைசல்) அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கொட்டலாம். ஹைப்போ கலந்ததை ஆட்டோகிளேவில் வைக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். காலனி வளர்ந்த பிளேட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே மஞ்சள் பையில் போட வேண்டும்; கையுறையும் டிப்பும் சிவப்புக்கு, ஊசியும் பிளேடும் வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி நீலத்துக்கு.

9. கிளம்பும்போது

புராஜெக்ட் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே அனுபவச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள். கடைசி நாளில் கேட்டால் கையெழுத்துப் போடுபவர் விடுப்பில் இருப்பார். மைனஸ் 80-இல் நீங்கள் வைத்த ஒவ்வொரு கிளிசரால் குழாய்க்கும் பெட்டி, வரிசை, ஸ்ட்ரெயின், தேதி போட்டுப் பட்டியல் கொடுத்துவிட்டுப் போங்கள். நோட்டுப் புத்தகம் ஆய்வகத்துக்குச் சொந்தம், கைடிடம் கேட்டு உங்கள் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நேர்காணலில் எந்தக் கட்டுப்பாட்டுக் குழியை வைத்தீர்கள், எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.